சாம்பசிவன் எடுத்த சர்வே

“இந்த வீட்டுல மனுஷாளைவிட ஃபேன்தான் ஜாஸ்தி சாப்பிடறது!”

கரண்ட் பில்லும் கையுமாகக் கத்தியவர் என் கணவர் சாம்பசிவன். கத்தும்போது ஹால் ஃபேனுக்கு நேர்கீழேதான் நின்றுகொண்டிருந்தார்.

“சமையலறையில ஒண்ணு மாட்டுங்கோன்னு கல்யாணமான நாளா கேக்கறேனே?”

“அடுப்பு அணைஞ்சுடும்.”

“சமைக்கறப்போ நிறுத்திடறேன். மத்த நேரம் போட்டுக்கறேன்.”

“சமைக்காத நேரத்துல உனக்கு அங்க என்ன வேலை?”

காய் நறுக்குவது, மாவரைப்பது, பாத்திரம் தேய்ப்பதெல்லாம் அவர் கணக்கில் உல்லாசப் பயணம்.

மறுநாளே வீட்டிலிருந்த மூன்று பழைய ஃபேன்களையும் தாம்பரம் கடையில் தள்ளிவிட்டு, ஒரே ஒரு புது ஃபேனோடு ராஜகீழ்ப்பாக்கம் திரும்பினார். கத்திரி வெயிலில்!

“மூணும் தின்ன கரண்டுல கால்வாசிதான் இது தின்னும். சத்தமே போடாது.”

“இந்த வீட்டுக்கு ஒத்து வராதே.”

“இனிமே வீட்டுக்கு ஒரே ஃபேன். எல்லாரும் அதும் கீழேயே இருந்துக்கணும்.”

“எந்த ரூம்ல மாட்டப் போறேள்?”

வேறு யாராக இருந்தாலும் ஹால் என்று சொல்லி முடித்திருப்பார்கள். இவர் புள்ளிவிவர இலாகா. “அதை நான் சொல்லப்படாது. சர்வே சொல்லணும்” என்றார். ஞாயிறு முழுக்க மணிக்கொரு தரம் சுற்றி வருவாராம்; எந்த அறையில் ஆட்கள் அதிகமோ, ஃபேன் அங்கே. சாட்சிக்குப் பக்கத்து வீட்டு யக்ஞநாராயணன். டிவி ஹாலில் இருக்கிற தைரியம் இவருக்கு.

எனக்கு என் வாணலிமேல் தைரியம்.

ஞாயிறு காலை வாழைக்காய் பஜ்ஜியில் ஆரம்பித்தேன். தட்டு சமையலறை வாசலைத் தாண்டாது, சூடாக இங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று சட்டம். என் பெண்கள் இருவரும் வந்தார்கள். வாசனை பிடித்துப் பக்கத்து வீட்டுக் காமு வந்தாள். மனைவியைத் தேடிவந்த சாட்சி, சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டார். பஜ்ஜிக்கப்புறம் மசால் வடை, அப்புறம் போண்டா. ஹாலில் டிவி சுவரோடு பேசிக்கொண்டிருந்தது.

இவர் வந்து தலைகளை எண்ணினார்.

“உங்களையும் சேத்துக்கோங்கோ” என்றேன். இவர் வாய் நிறைய வடை. ஆட்சேபம் வெளியே வரவில்லை.

சாயங்காலம் யக்ஞநாராயணன் தீர்ப்புச் சொன்னார். “சாம்பு, எப்பப் பாத்தாலும் சமையலறைதானேப்பா? நீயே அங்கதானே இருந்தே?”

“அது பஜ்ஜிக்கு வந்த கூட்டம், ஓய்!”

“எதுக்கு வந்தான்னு உங்க சர்வேல கேள்வியே இல்லையே?” என்றேன். விதி போட்டவரை அவர் விதியாலேயே மடக்குவது எப்படி என்று கான்வென்டில் படிக்கும்போதே கன்னியாஸ்திரீகளிடம் பழகிக்கொண்டவள் நான்.

எலக்ட்ரீஷியன் தசரதன் சமையலறைக் கூரையில் துளை போட்டபடி கேட்டான்: “இன்னா சார், ஹாலை வுட்டுட்டு இங்க மாட்டச் சொல்றே?”

“சர்வே.”

“யார் சார் அது, வூட்டுக்காரம்மாவா?”

மறுநாள் மத்தியானம். அடுப்பை அணைத்து, ஃபேனைப் போட்டு, நானும் பெண்களும் காமுவும் சமையலறைத் தரையில் வரிசையாகப் படுத்திருந்தோம். லீவு போட்டிருந்த இவர், ஹாலில் விசிறிக்கொண்டிருந்த பேப்பரும் கிழிந்துபோய், தலையணையோடு வாசலில் வந்து நின்றார். ஃபேன் அவர் சொன்னபடியே சத்தம் போடவில்லை. அவர் ஏதாவது கேட்டால், காதில் விழவில்லை என்று யாரும் சொல்லவே முடியாது. தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டோம்.

“கொஞ்சம் நகந்துக்கறேளா?”