கொர்ரு மேஸ்திரியின் காது

மூச்சு விடுகிற எந்த ஜீவனும் கொர்ரு மேஸ்திரியின் காதிலிருந்து தப்ப முடியாது. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் அந்தக் காதுக்கு அப்புறம்தான்.

மோகனூர் பக்கம் நான் மேனேஜராக இருக்கும் கோழிப்பண்ணையில் அவர் மேஸ்திரி. காலையில் தீவனம் வைப்பதற்கு முன்னால் ஷெட்டுக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் கோழிகளைத் தவிர யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ஆயிரக்கணக்கான கோழிகள் போடுகிற கூச்சலில் நமக்குத் தலை சுற்றும். அவரோ, "மூணாவது வரிசைல ஒருத்தி கொர்ருங்கறாளுங்க. சளி புடிச்சிருக்குது, தனியா எடுத்து வையுங்க" என்பார். தேடிப் பார்த்தால் ஒருத்தி மூக்கு ஒழுக உட்கார்ந்திருப்பாள். கால்நடை டாக்டர் வந்தால்கூட முதலில், "மேஸ்திரி என்ன சொன்னாரு?" என்றுதான் கேட்பார்.

கோழியோடு நிறுத்தியிருந்தால் தேவலை. முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் விருந்து முடிந்து, மண்டபத்து ஜமக்காளத்தில் உறவுக்காரர்கள் உருண்டு கிடந்தார்கள். மனிதர் வரிசையாகக் குனிந்து ஒவ்வொருவரிடமும் காதைக் கொடுத்துக்கொண்டே போனார். மாப்பிள்ளையின் பெரியப்பாவைத் தட்டி எழுப்பி, "ஏனுங்க, உங்களுது சும்மா மூக்குச் சத்தந்தானுங்க. பயப்படாம தூங்குங்க" என்றார். தூக்கம் கெட்ட பெரியப்பா செருப்பைத் தேடினார். "நல்ல சேதி சொன்னாக்கூடக் கோவிச்சுக்கறாங்களே" என்று மேஸ்திரிக்கு ஒரே வருத்தம்.

என் கதைக்கு வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் பெஞ்சில் அரை மணி நேரம் கண்ணயர்வேன். என் குறட்டையில் ஜன்னல் கதவு ஆடுகிறது என்று சொல்வதெல்லாம் வயிற்றெரிச்சல் பேச்சு. ஆனால் கொஞ்ச நாளாக எவ்வளவு தூங்கினாலும் அலுப்பு தீரவில்லை. இந்த லட்சணத்தில் ஒரு மதியம், விலாவில் நறுக்கென்று ஒரு குத்து! துள்ளி எழுந்தால், எதிரே தீவன மூட்டையின் மேல் மேஸ்திரி.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க தூங்குங்க."

படுத்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, மறுபடியும் குத்து. மறுநாளும் அதே கதை. ஆபீஸே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு முதலாளியிடம் போய், "ஒண்ணு அவரு இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும்" என்று குதித்தேன்.

முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட்டார். "ஏனுங்க மேஸ்திரி, மேனேஜரை எதுக்குக் குத்தறீங்க?"

மேஸ்திரி கையைப் பிசைந்தார். "கொர்ருங்கற வரைக்கும் பரவால்லீங்க. திடீர்னு நின்னு போகுதுங்க. இருவது எண்ணறேன், முப்பது எண்ணறேன், மூச்சே வரமாட்டீங்குது. பயந்து போய்த்தானுங்க குத்தறேன். கொர்ருங்கற கோழிக்கு மருந்து குடுத்துப் பொழைக்க வெச்சரலாம். சத்தமே நின்னுபோன கோழிய..."

குதித்துக்கொண்டிருந்த நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

முதலாளி அன்றைக்கே என்னை சேலத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்த டாக்டர், "தூக்கத்துல அடிக்கடி மூச்சு நிக்குது. இப்படியே விட்டிருந்தா ஆபத்தாப் போயிருக்கும். யாரு கவனிச்சாங்க, வீட்லயா?" என்றார்.

"எங்க கோழிப்பண்ணை மேஸ்திரிங்க."

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மூக்கில் ஒரு மூடியை மாட்டிக்கொண்டு தூங்கினால் மூச்சு நிற்காமல் காற்று ஊதுகிற ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். அதைப் பண்ணைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். பெஞ்சில் படுத்து மாட்டியதும் மேஸ்திரி குனிந்து அதனிடமும் காதைக் கொடுத்தார். "நல்லாத்தான் மூச்சு உடுதுங்க" என்று சர்டிபிகேட் தந்துவிட்டு, பழையபடி தீவன மூட்டையை இழுத்துப் போட்டார்.

நான் மூடியைத் தூக்கி, "அதான் மெஷின் இருக்குதுங்களே மேஸ்திரி. நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றேன்.

"கரண்டு போச்சுன்னா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இந்த மனிதர் மேலா புகார் சொன்னேன் என்று மனசு அடித்துக்கொண்டது. மூடியை மாட்டிக்கொண்டேன். அவர் எதிரே இருக்கிற தைரியத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.