அடுத்தவர் தண்ணீரைச் சேமிப்பவர்

தண்ணீரைச் செலவழிக்கிறவர்கள் உண்டு, சேமிக்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அடுத்தவருடைய தண்ணீரை மட்டும் சேமிப்பவர்கள். எங்கள் விருதுநகர்ச் சீமையில் இந்த இனத்துக்குப் பஞ்சமே கிடையாது. மழைக்குத்தான் பஞ்சம்.

ஓர் ஆளைக் காட்டுகிறேன். வெம்பக்கோட்டைப் பக்கம் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி. ஐந்து ஏக்கர் கரிசல், ஓர் ஆழ்துளைப் போர், ஓயாத வாய். புரட்டாசி பிறந்துவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புஞ்சைக் காடு காடாகப் போய், மழை இப்போது முன்னே மாதிரி இல்லை, வந்தால் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு அப்புறம் திரும்பிப் பார்க்காது, வெயில் கூடிப்போனதால் பயிருக்குத் தாகமும் கூடிப்போனது, மக்காச்சோளத்தை நம்பாதே, குதிரைவாலி போடு, ஓடுகிற மழையைக் கிணற்றுக்குள் திருப்பிவிடு என்று, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லிவிட்டு வருவார். சொன்னதில் ஒன்றாவது தப்பா? இல்லை. இந்த இனத்தின் கொடுமையே அதுதான். தப்பாகச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். இவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

பக்கத்துக் காட்டு மாரிச்செல்வி அதைக் காதில் வாங்கினாள். எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவள். தீபாவளி முடிந்தால் கம்பெனியை அடைத்துவிடுவார்கள், மறுபடி திறக்கும்வரை அந்த ஒரு ஏக்கர்தான் சோறு. அவள் குதிரைவாலி விதைத்தாள். மண்வெட்டியால் வாய்க்கால் இழுத்துக் கிணற்றுக்குள் விட்டாள்.

சரி, அண்ணாச்சி என்ன போட்டார்? நெல்.

“ஊருக்கெல்லாம் குதிரைவாலி, ஒங்களுக்கு மட்டும் நெல்லா அண்ணாச்சி?” என்று டீக்கடையில் பெத்தணன் கேட்டான்.

“ஏலே, இது போர்த் தண்ணி. ஆழத்துல கெடக்குறது. மழைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அது வேற கணக்கு.”

வேற கணக்கு. இந்த இனத்தின் மூல மந்திரம் இதுதான்.

ஐப்பசியில் மழை வந்தது. அவர் சொன்னபடியே ஒரே மூச்சில் கொட்டியது. சொன்னவருடைய வரப்பையே உடைத்துக்கொண்டு மாரிச்செல்வியின் வாய்க்கால் வழியாக அவள் கிணற்றில் போய் இறங்கியது. “சொன்னேன்ல?” என்று மூன்று நாள் டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார்த்திகையில் சொட்டு இல்லை. சித்திரை மாதிரி காய்ந்தது. மக்காச்சோளம் போட்டவர்கள் காய்ந்த பயிரில் மாட்டை அவிழ்த்து மேயவிட்டார்கள். நெல் பொதி கட்டிக் கதிர் விடுகிற நேரத்தில் போர் இருமியது. காற்று வந்தது, கொஞ்சம் சேறு வந்தது, அப்புறம் அதுவும் வரவில்லை.

அண்ணாச்சி மாரிச்செல்வியின் கிணற்றை எட்டிப் பார்த்தார். இடுப்பளவு தண்ணீர் கிடந்தது.

“ஏம்மா, குதிரைவாலிக்குத்தான் தண்ணி அம்புட்டு தேவப்படாதே. சும்மா கெடக்குறத நம்ம நெல்லுக்கு விடேன்.”

“கதிரு பால் பிடிக்குது அண்ணாச்சி. ஒரு தண்ணி பாச்சுனாத்தான் மணி தெரளும்.”

“உள்ள கெடக்குறதுல பாதி என் காட்டுல பேஞ்ச மழை. அத நெனச்சுப் பாரு.”

மாரிச்செல்விக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. பெரிய வெள்ளாமைச் சம்சாரி, நாளைக்கு அவர் காட்டு வழியே போகிற வண்டிப் பாதையை மறித்தால் என்ன செய்வது? ஆனாலும் கிணற்று மேட்டை விட்டு நகரவில்லை.

“ஓடுற மழைய விட்றாத, சேத்து வையின்னு சொன்னீக. சேத்து வச்சிட்டேன். சேத்தத யாருக்குக் குடுக்கணும்னு நீக சொல்லலையே அண்ணாச்சி.”

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் காட்டைப் பார்க்க நடந்தார்.

மறுநாள் விடியுமுன் அவள் மோட்டாரைப் போட்டு, கடைசி வாளி வரைக்கும் தன் காட்டுக்கே பாய்ச்சினாள். குதிரைவாலி தேறியது, மூட்டை வீடு வந்தது. நெல் வைக்கோலாகக்கூடத் தேறவில்லை. வண்டிப் பாதையை யாரும் மறிக்கவில்லை. அண்ணாச்சி வேறு வேலையில் மும்முரமாக இருந்தார்: “இந்தக் காலத்துல யாருக்கு ஈவு இரக்கம் இருக்கு?” என்று திருத்தங்கல் வரைக்கும் சொல்லித் தீர்க்க வேண்டியிருந்தது.

திருந்தினாரா? அடுத்த புரட்டாசியில் அதே துண்டு, அதே நடை. “நெல்லப் போடாதீக, போடாதீகன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், ஒருத்தன் கேட்டானா?” என்றார். கேட்டுக்கொண்டிருந்த பெத்தணனுக்குப் புரையேறியது. அண்ணாச்சியின் போர் மட்டும் அந்த வாரம் இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தது.

இவர்கள் கரிசலில் மட்டும்தான் முளைப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மாடி வீட்டிலும் வருவார்கள், நல்ல படிப்புப் படித்தவர்களிலும் வருவார்கள். அறிகுறி ஒன்றே ஒன்றுதான். இதைப் படித்து முடித்ததும், “அவர் கட்டாயம் படிக்க வேண்டியது” என்று உங்களுக்கு உடனே ஒரு பெயர் தோன்றும்.

தோன்றிவிட்டதா?