மேட்டில் நிற்கக் கூடாது

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகமாக இருக்கிறோம். என் வலது முட்டியும் இடது முழங்கையும் மட்டும் இந்தச் சுகத்தில் சேரவில்லை. அங்கே நீங்களும் என் மகளும் சுகம்தானே? உங்கள் அப்பா, அதாவது என் மதிப்புக்குரிய சம்பந்தி, அவருடைய இடுப்பு வலி எப்படி இருக்கிறது? எப்படி இருந்தாலும் என்னுடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நாலாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நீங்கள் சிரித்துவிடுவீர்கள், அப்புறம் நானும் சிரித்துவிடுவேன், விஷயம் பாதியில் போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்காருவதும் இப்போது அவ்வளவு சுலபமாக இல்லை.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை, நான் ஏறிட்டேன்! ஏழு வளைவும்! இறங்காம, தள்ளாம, ஏறியே போயிட்டேன்!

சரி, முறையாகச் சொல்கிறேன். நீங்கள் புது சைக்கிள் வாங்கிக்கொண்டு, பழைய மலைச் சைக்கிளை “மாமா, உடம்புக்கு நல்லது, ஓட்டுங்க” என்று எங்கள் வராந்தாவில் நிறுத்திவிட்டு, மேடு ஏறும் முறைகளை ஒரு தாளில் எழுதிக் கைப்பிடியில் செருகிவிட்டுப் போனீர்கள் அல்லவா? நாலே வரி. நீங்கள் நில அளவையாளர், எதையும் அளந்துதான் எழுதுவீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் தப்பா நினைச்சுக்காதீங்க மாப்பிள்ளை, ஒரு மனுஷன் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயத்தில் இன்னும் நாலு வார்த்தை தாராளமாகப் போட்டிருக்கலாம். நாலு மாதம் அந்த சைக்கிளில் நாங்கள் துண்டுதான் காயப்போட்டோம். இப்போது ஏன் தொட்டேன் என்று கேட்பீர்கள். இதை என் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

நான் முப்பத்திரண்டு வருடம் பதினொரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினேன். மதியம் பன்னிரண்டரைக்கு அத்தனை மாடிக்காரர்களும் சாப்பிட இறங்குவார்கள், ஒன்றரைக்கு அத்தனை பேரும் ஏப்பம் விட்டுக்கொண்டு ஏறுவார்கள். எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிட்டு நான் மூன்று மணிக்கு முக்காலியில் உட்கார்ந்து, மணி அடிக்கிறதா என்று ஒரு காதை வைத்துக்கொண்டே விழுங்குவேன். ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராது. அன்றைக்கு அத்தை பரிமாறுவாள், நாம் சாப்பிடுவோம், எல்லாம் முடிந்து அவள் தட்டை எடுக்கும்போது நாம் குறட்டை விட்டுக்கொண்டிருப்போம். சரி, ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தால் சேர்ந்து சாப்பிடலாம் என்று பார்த்தால், அவளோ மலைமேல் ஆஸ்பத்திரியில் தையல் அறை வேலைக்குப் போகிறாள். காலை ஏழு மணிக்கு ஊழியர் வண்டியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குகிறாள். பதினொரு மாதமாக நான் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். போன வாரம் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள்: “வர்ற வெள்ளிக்கிழமையோட நமக்குக் கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம். ஒரு கல்யாண நாளைக்காவது மத்தியானம் நாம ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து சாப்பிட்டிருக்கோமா?” குறையாகச் சொல்லவில்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டு அடுத்த பொத்தானுக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

முடிவு பண்ணிவிட்டேன். வெள்ளிக்கிழமை நானே சமைத்து, சூடு ஆறாமல், பன்னிரண்டரைக்கு அவள் முன்னால் போய் நிற்பது. அவளுக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணிதான். மழையில் அந்த ஏழு வளைவுச் சாலை அரித்துப்போனதால் ஊழியர் வண்டியையும் ஆம்புலன்ஸையும் தவிர வேறு மோட்டார் வண்டி எதையும் மேலே விடுவதில்லை. நடந்தால் ஒன்றரை மணி நேரம். வராந்தாவைப் பார்த்தேன். துண்டுக்கு அடியில் சைக்கிள் இருந்தது. வாழ்நாள் முழுக்க மேலே போய்க்கொண்டே இருந்தவன்டா நான், ஏழு வளைவு எம்மாத்திரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மன்னிக்கவும், அந்த ‘டா’ எனக்குச் சொன்னது, உங்களுக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. உங்கள் முதல் வரி: ‘கியரை முன்னாடியே மாற்றவும்.’ பார்த்தேன். சைக்கிளில் முன்னாடி ஒரு கியர் இருக்கிறது, பின்னாடி ஒரு கியர் இருக்கிறது. பெரியவங்க சொன்னா மட்டுமா கேட்கணும், மாப்பிள்ளை சொன்னாலும் கேட்கணும் என்று பின்னாடி இருப்பதைத் தொடவே இல்லை. முதல் வளைவு தாண்டி மேடு நெஞ்சுக்கு வந்ததும், உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டே முன்னாடி கியரைப் படக்கென்று மாற்றினேன். கடகடவென்று ஒரு சத்தம். சங்கிலி கழன்று விட்டது. கால் இரண்டும் காற்றில் சுற்றுகின்றன, சைக்கிள் வந்த வழியே பின்பக்கமாகப் போகிறது! சற்று முன்புதான் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரரை மணியடித்து முந்தியிருந்தேன். அவரை இப்போது பின்பக்கமாகக் கடந்தேன். மரியாதை தெரிந்தவன் என்பதால் வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார், பாவம், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கியபடியே.

சைக்கிள் கடைக்காரரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் உங்கள் தாளைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “ஐயா, முன்னாடின்னா முன்பக்கம் இல்லீங்க. முன்கூட்டி! மேடு வர்றதுக்கு முன்னாடியே லேசான கியருக்கு வந்துடணும். பாதி மேட்டுல அழுத்தி மிதிச்சுக்கிட்டே மாத்துனா சங்கிலி என்ன பண்ணும், அழும்.” நீங்களே சொல்லுங்கள் மாப்பிள்ளை, ‘முன்கூட்டி’ என்று எழுதியிருந்தால் உங்கள் பேனா மையா தீர்ந்திருக்கும்?

புதன்கிழமை மூன்றாவது வரி. இரண்டாவது வரி எனக்குப் பிரச்சினையே இல்லை: ‘இருக்கையின் நுனியில் உட்காரவும்.’ பெண்ணைக் கொடுத்தவன் நான். உங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் சம்பந்தி முன்னால் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அது எனக்குக் கைவந்த கலை. மூன்றாவது வரிதான் ஆளைக் கவிழ்த்தது: ‘பின்சக்கரத்தில் எடை இருக்க வேண்டும்.’ எவ்வளவு எடை என்று நீங்கள் எழுதவில்லை. அளந்து எழுதுகிறவர், அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். கடைக்காரரிடம் சொல்லிப் பின்னால் ஒரு கேரியர் மாட்டினேன், அதில் வைக்க வீட்டில் கனமான பொருள் தேடினேன். அத்தையின் பழைய தையல் மெஷினின் மேல்பாகம் கண்ணில் பட்டது. வார்ப்பிரும்பு. தூக்கும்போதே முதுகில் ஏதோ சொடுக்கியது. கயிறு போட்டுக் கட்டினேன். இரண்டாவது வளைவின் செங்குத்தில், ஐயோ, அதை எப்படிச் சொல்வேன், முன்சக்கரம் எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் சைக்கிள் நின்றுகொண்டது, நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன், மெஷின் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

கடைக்காரர் இந்த முறை கடையை விட்டே வெளியே வந்துவிட்டார். “உங்க எடையைத்தாங்க சொல்லியிருக்காரு! நுனியில உக்காந்து, முழங்கையை மடக்கி, தாடையைக் கைப்பிடிகிட்ட கொண்டு போங்க. அப்போ முன்சக்கரம் தூக்காது. ஆனா இடுப்பு சீட்டை விட்டு எழும்பக் கூடாது, அப்பதான் பின்சக்கரம் மண்ணைப் பிடிக்கும். ரெண்டும் சேரணும்.” மெஷினை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அன்று மாலை அத்தை கேட்டாள்: “என்னங்க, மெஷின் எங்க?” எண்ணெய் போடக் கொடுத்திருக்கிறேன் என்றேன். “நீங்களா?” என்று ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன், அந்த நிலைமையில்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை! காலையிலேயே முட்டையும் உருளைக்கிழங்கும் வதக்கினேன். இரண்டு தடவை கருகிற்று, மூன்றாவது தடவை கொஞ்சம்தான் கருகிற்று. பாத்திரத்தில் போட்டு, துண்டால் சுற்றி, கேரியரில் கட்டினேன். பதினொன்றரைக்குக் கிளம்பினேன். மேட்டுக்கு இருபதடி முன்னாலேயே கியரை மாற்றினேன், சங்கிலி பூப்போல இறங்கியது. நுனியில் உட்கார்ந்தேன். முழங்கையை மடக்கினேன். ஒவ்வொரு வளைவிலும் பழக்கதோஷத்தில் “முதல் மாடி”, “ரெண்டாவது மாடி” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன், யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வேகம் இல்லை மாப்பிள்ளை, ஒரு எறும்பு என்னை முந்தியது என்று சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் ஒரே சீராகப் போனேன். நாலாவது மாடியில் என் நெஞ்சு எனக்கே வெளியில் கேட்டது. ஐந்தாவதில் சரளைக்கல், பின்சக்கரம் வழுக்கப் பார்த்தது, இறங்கிவிடலாம் என்று கால் கெஞ்சியது. அப்போதுதான் உங்கள் நாலாவது வரி நினைவுக்கு வந்தது: ‘மேட்டில் நிற்கக் கூடாது.’

நிற்கவில்லை! ஊழியர் வண்டி ஓட்டுநர் பக்கத்தில் வந்து மெதுவாக ஓட்டி, தலையை நீட்டி, “பெரியவரே, நில்லுங்க, ஏத்திட்டுப் போறேன்!” என்றார். “நிக்கக் கூடாது!” என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டி, “நில்லுங்க! யாரைப் பார்க்கணும்?” என்றார். “நிக்க முடியாது! தையல் ரூம்!” என்று கத்தினேன். என் முகத்தின் நிறத்தைப் பார்த்து அவசர நோயாளி என்று நினைத்து, அவர் பாவம், கதவை அகலத் திறந்துவிட்டார். உள்ளே முற்றம். குழாயடியில் கை கழுவிக்கொண்டு உங்கள் அத்தை. பன்னிரண்டு முப்பத்தெட்டு. “என்னங்க!” என்றாள். அவளைக் கடந்து போனேன்.

சிரிக்காதீங்க மாப்பிள்ளை. அந்த முற்றம் லேசாகச் சரிவாக இருக்கிறது. அது மேட்டில் சேர்த்தியா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் அளவையாளர், ஒரு கருவியை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவீர்கள். நான் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி மறுபடி அவளிடம் வந்தேன். “நில்லுங்களேன்!” என்றாள். “மேட்டுல நிக்கக் கூடாதுன்னு மாப்பிள்ளை எழுதியிருக்காரும்மா!” என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது சுற்றுக்குப் போனேன். ஜன்னல் தோறும் நர்சுகள், கட்டுப் போட்ட நோயாளிகள், ஒருவர் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது சுற்றில் அவள் முற்றத்து நடுவில் இடுப்பில் கைவைத்து நின்று, முப்பத்தைந்து வருடத்தில் நான் கேட்டிராத குரலில் கத்தினாள்: “இது மேடு இல்ல! தரை! தரைதான்! நில்லுங்க!” உடனே நின்றுவிட்டேன். சரியாகச் சொன்னால், தைக்க வந்த படுக்கை விரிப்புகள் குவிந்த தள்ளுவண்டி ஒன்று என்னை நிறுத்தியது.

“உங்களுக்கு வயசு என்னாச்சு?” என்றாள்.

“அறுபத்தொண்ணு.”

“ஞாபகம் இருக்கா, அது போதும்” என்று சொல்லிவிட்டு விரிப்புகளுக்குள்ளிருந்து என்னை இழுத்தெடுத்தாள். அப்புறம் பாத்திரத்தைப் பார்த்தாள். துண்டைப் பிரித்தாள். ஆவி வந்தது, மாப்பிள்ளை! பெஞ்சில் எதிரெதிராக உட்கார முடியாது என்று இரண்டு முக்காலியை இழுத்துப் போட்டாள். உப்பு கூடத்தான், எனக்கே தெரிந்தது, ஆனாலும் அவள் இரண்டாவது தடவையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, “நீங்க இவ்வளவு வேகமா சாப்பிடுவீங்களா?” என்றாள். “லிஃப்ட்ல பழக்கம். மணி அடிச்சிடும்” என்றேன். “இங்க உங்களை யாரும் மணியடிச்சுக் கூப்பிட மாட்டாங்க. மெதுவா சாப்பிடுங்க” என்றாள். அந்த நிமிஷம் பார்த்து, சாப்பாட்டு நேரம் முடிந்ததென்று ஆஸ்பத்திரி மணி அடித்துத் தொலைத்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேற்பார்வைக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

இறங்கி வந்து கடைக்காரரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, நாலாவது வரிக்கு நிறுத்தக் கூடாது என்று அர்த்தமே இல்லையாம், மிதியின் மேல் எழுந்து நிற்கக் கூடாது, சரளையில் சக்கரம் வழுக்கும் என்பதுதானாம். போகட்டும். எழுந்து நிற்க எனக்குத் தெம்பே இல்லாததால் அதையும் கடைப்பிடித்துவிட்டேன். திங்கட்கிழமை முதல் தினமும் போவதாக முடிவு செய்திருக்கிறேன். எனக்கு இதில் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. ஆறாவது வளைவில் திரும்பும்போது வருகிற காற்று இருக்கிறதே, பதினொரு மாடி ஏறி இறங்கியும் அப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை.

என் மகளுக்கு என் ஆசிகள். நீங்கள் இருவரும் என்ன வேலை இருந்தாலும் மதியம் ஒரு வாயாவது சேர்ந்து சாப்பிட்டு நீடூழி வாழ வேண்டும். சம்பந்திக்கு என் வணக்கம். வணக்கத்தோடு ஏழு வளைவு என்பதையும் மறக்காமல் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் நாலு வரியால் விழுந்து, அதே நாலு வரியால் ஏறிய
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அத்தை வேலையிலிருந்து வந்தாள். கையில் ஒரு தாள், முகமெல்லாம் சிரிப்பு. மாறுதல் கிடைத்துவிட்டதாம். நமக்கு அடுத்த தெருவில் ஆஸ்பத்திரியின் கிளை திறக்கிறார்கள், திங்கட்கிழமை முதல் அங்கேதான் தையல். “நீங்க ரிட்டையர் ஆன வாரமே எழுதிக் குடுத்தேங்க. தனியா உக்காந்து சாப்பிடுறீங்களேன்னு மனசு கேக்கலை. இனிமே அந்த மேட்டுல உயிரை விட வேண்டாம், தினமும் மத்தியானம் நானே வந்துடுறேன்” என்றாள். பதினொரு மாதம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாப்பிள்ளை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தால், எதிரே வராந்தாவில் சைக்கிள். வர வேண்டாம், நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தத் தெரு வரைக்கும் தட்டைத் தரை, ஒரு விரல் உயரம்கூட ஏற்றம் கிடையாது. நீங்கள் உடனே உங்கள் அளவைக் கருவியோடு கிளம்பி வாருங்கள். நம் வீட்டுக்கும் அந்தக் கிளைக்கும் நடுவில், எவ்வளவு சுற்றுவழியாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே ஒரு மேடு கண்டுபிடித்துத் தர வேண்டும். அத்தையிடம் மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.