முழுத்தட்டு அக்கா

நாமக்கல் மாவட்டத்திலேயே பாட்டைப் பாதியில் நிறுத்தத் தெரியாத ஒரே ஆள் எங்கள் முழுத்தட்டு அக்காதான். பட்டப்பெயரைக் கேட்டு, மதியச் சாப்பாட்டை வைத்து யாரோ கேலி செய்கிறார்கள் என்று கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். இது இசைத்தட்டு. ஒரு ஆல்பத்தைப் போட்டால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டாக வேண்டும். தாண்டக் கூடாது, பேசக் கூடாது, முக்கியமாக, இறங்கக் கூடாது.

புதுச்சத்திரத்திலிருந்து நாமக்கல்லில் இருக்கும் கோழித்தீவன கம்பெனிக்கு அவருடைய பழைய காரில்தான் நானும் போவேன். கம்பெனி வந்துவிடும், ஆல்பம் முடியாது. வேப்பமரத்தடியில் நிறுத்தி மீதியையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். ஒருமுறை மேனேஜரே வந்து கண்ணாடியைத் தட்டினார். அக்கா உதட்டில் விரலை வைத்தார். மேனேஜர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

நானோ பல்லவி முடிவதற்குள் அடுத்த பாட்டுக்குத் தாவுகிற ரகம். ஒருநாள் பொறுக்காமல், "அக்கா, அஞ்சாவது பாட்டு செம அறுவைங்க. தள்ளிடட்டுங்களா?" என்றேன்.

வண்டி சாலையோரம் நின்றது. "நாலாவது பாட்டுல பதறுன மனச ஆத்தத்தான சாமி அஞ்சாவத வெச்சிருக்கறாங்க?" என்றவர், முதல் பாட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். எனக்கு அரைநாள் லீவு போயிற்று. ஆனால் அடுத்த மாதம் குளிக்கும்போது நான் முனகிக்கொண்டிருந்தது அந்த அறுவைப் பாட்டைத்தான்.

எனக்குப் பெண் பார்க்கப் பரமத்தி வேலூருக்குப் போன அன்று, பேசி வைத்திருந்த வாடகைக் கார் வரவில்லை. அம்மா அப்பாவோடு அக்காவின் காரில் ஏறினேன். அன்றைக்கு நாதஸ்வர ஆல்பம். பெண் வீட்டு வாசலில் போய் நின்றபோது, கடைசி உருப்படி அப்போதுதான் தொடங்கியிருந்தது.

"எறங்காதீங்க. இன்னும் ஒண்ணுதான்" என்றார் அக்கா.

பெண்ணின் அப்பா கும்பிட்ட கையோடு வாசலில் நிற்கிறார். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "அதுக்குள்ளாற மேளமே வந்துருச்சா!" என்றார். பெண்ணின் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. காருக்கருகே வந்து, "ஏனுங்க, ஏதாச்சும் மனக்கொறைங்களா?" என்றார். அக்கா கதவைத் திறந்து அவரையும் உள்ளே உட்கார வைத்தார். என் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்றே நானும் நினைத்தேன்.

அப்போது நாதஸ்வரம் ஒரு இடத்தில் மெதுவாக இறங்கி, மூச்சு வாங்கி, மறுபடி மேலேறியது. கல்யாண வீட்டு இரைச்சல் என்றே அதுவரை நினைத்திருந்த வாத்தியம் அன்று என்னை என்னவோ செய்தது. பெண்ணின் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பட்டுப்புடவையில் ஒருத்தி வீட்டுக்குள்ளிருந்து நேராக என் பக்கம் வந்து நின்றாள். என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "கண்ணாடிய எறக்குங்க, கேக்கல."

அக்கா இப்போது சேலம் கிளைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நானே கார் ஓட்டிக்கொண்டு தினமும் சரியான நேரத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறேன். அதுதான் என்னவோ போலிருக்கிறது.