தறிக்குழிக்கு ஓர் அடிக்குறிப்பு

மழை பெய்கிறது என்று சொன்னால் குடையை எடுப்பவர்கள் ஒரு ரகம். நம்பாமல் வெளியே கையை நீட்டிப் பார்ப்பவர்கள் இன்னொரு ரகம். “யார் சொன்னது? எந்தப் பத்திரிகையில்? எத்தனையாம் பக்கம்?” என்று நனைந்துகொண்டே கேட்பவர்கள் மூன்றாவது ரகம். இந்த மூன்றாவது ரகத்துக்கு அடிக்குறிப்பு ஆசாமி என்று பெயர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால் உங்களுக்கு நல்ல காலம்.

இந்த இனம் சட்டம் படித்தவர்களிடையே செழித்து வளரும். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத இவருக்குக் கை வராது. அப்படியே தப்பித்தவறி எழுதிவிட்டாலும், அந்த வாக்கியத்தின் தோள்மேல் குட்டியாக ஓர் எண்ணைத் தூக்கி உட்காரவைத்து, பக்கத்தின் அடியில் கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே மறுபடி அதே எண்ணைப் போட்டு, இதைச் சொன்னது நானில்லை ஐயா, இன்னார், இன்ன புத்தகத்தில், இன்ன பக்கத்தில் என்று கைகழுவிய பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும். தப்பு என்றால் இன்னார் தலையில். சரி என்றால்? அப்போதும் இன்னார்தான், ஆனால் கண்டுபிடித்தவர் இவர்.

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் இருந்த வக்கீல் மல்லிநாதன் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. பெரணமல்லூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம், நிலபுலன் உண்டு, நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. உண்மை சொல்வதற்கும் புத்தகம் வேண்டும், அவ்வளவுதான். முன்சீப் கோர்ட்டில் தொழில் செய்துகொண்டே எம்.எல். பட்டத்துக்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். வீட்டு வாடகை பற்றிய குடக்கூலிச் சட்டத்தில் ஊர் வழக்கத்துக்கு என்ன இடம் என்பது தலைப்பு. எத்தனை வருஷமாக எழுதினார் என்று கேட்காதீர்கள். பல்கலைக்கழகம் இருமுறை கெடுவை நீட்டி, இது கடைசி என்று கடிதம் போட்டிருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடவேண்டிய குடும்பம் அது. மனைவி சந்திரகாந்தா மூன்று தரம் கூப்பிடுவாள். கடைசியில் வந்து உட்கார்ந்து ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்ப்பார்.

“ரசத்துல பெருங்காயம் போடலயா?”

“இன்னிக்குப் போடக்கூடாதுன்னு உங்கம்மா சொன்னாங்க.”

“அவங்களுக்கு யாரு சொன்னாங்க?”

“அவங்க மாமியார் சொல்லியிருப்பாங்க. எனக்கு இன்னாங்க தெரியும்?”

“அப்ப இது செவிவழிச் செய்தி. மூலத்தைப் பாக்கணும்.”

மூலம் என்றதும் சந்திரகாந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அவளாவது சிரிக்கலாம். டைப் அடிக்கும் ராமதாஸ் என்ன செய்வார்? சந்தவாசலில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து படித்து முன்னுக்கு வந்து, ஆரணிக் கடைத்தெரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். ஆனால் அடிக்குறிப்புக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தின் அடியில் அது எத்தனை வரி பிடிக்கும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டு இடம் விட்டாக வேண்டும். ஒரு குறிப்பை நடுவில் நுழைத்தால் அதற்குப் பின்னால் வரும் எண்களெல்லாம் ஒன்று தள்ளும், பக்கங்கள் தள்ளும், அத்தியாயம் முழுவதையும் கார்பன் வைத்து மறுபடி அடிக்கவேண்டும். மல்லிநாதன் வாரத்துக்கு ஒரு குறிப்பாவது நுழைப்பார்.

“சார், இந்தப் பக்கத்துல உங்க சரக்கு மேல ரெண்டு வரிதான் கீது. மீதி பூரா கோட்டுக்குக் கீழ போயிடுச்சே.”

“அதுக்குப் பேருதான் ராமதாஸ் ஆராய்ச்சி.”

“அப்புறம் இந்த வருஷத்துக்குப் போட்டிருக்கிற சதுர அடைப்பு. நம்ம மிஷின்ல அது கெடையாதுங்களே. வளைஞ்சதுதான் கீது.”

“ஐயையோ! இங்கிலீஷ் தீர்ப்புக்குச் சதுரம் போடணும்யா. வளைச்சா அர்த்தமே மாறிப்போயிடும். பேனாவால போட்டுடு.”

ராமதாஸ் ஒவ்வொரு பிரதியிலும் அளவுகோல் வைத்துச் சதுர அடைப்புகள் வரைந்தார். “பேஜாருப்பா” என்று அவர் முணுமுணுத்தது எந்தப் பிரதியிலும் பதிவாகவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கட்டுரை ஓர் இடத்தில் முட்டி நின்றது. நாலாம் அத்தியாயத்தில் மல்லிநாதன் அசந்து மறந்து சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிவிட்டிருந்தார். ‘ஆரணியில் நெசவாளிக்கு வீடு வாடகைக்கு விட்டால், உள்ளே தறிக்குழி தோண்டிக்கொள்ளச் சம்மதித்ததாகவே பொருள்.’ பட்டுத் தறி அங்கே குழித்தறி. நெய்பவர் தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால்தான் மிதிபலகை எட்டும். குழி இல்லையென்றால் தறி இல்லை. ஆரணியில் எந்த நெசவுத் தெருவில் நுழைந்து எந்த வாசலில் எட்டிப் பார்த்தாலும் தெரிகிற விஷயம். ஆனால் சென்னையில் இருந்த பேராசிரியர் அந்த வாக்கியத்துக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, ‘ஆதாரம்?’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்பிவிட்டார்.

மல்லிநாதனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. ஆதாரம் தேடி வேலூருக்கு ஓடினார், சென்னைக்கு ஓடினார், கரையான் தின்ற தீர்ப்புத் தொகுதிகளையெல்லாம் புரட்டித் தும்மினார். வீட்டிலிருந்து கோர்ட்டுக்கு அவர் தினமும் நடந்து போன தெருவில் இரண்டு பக்கமும் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவருடைய யோசனைக்கு இடைஞ்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரங்கம்மாள் வந்தாள். அவளும் கணவன் சுப்பனும் அதே தெருவில் வாடகை வீட்டில் ஒரே தறி போட்டு நெய்துகொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் கடை கட்ட வீட்டுக்காரருக்கு ஆசை வந்துவிட்டது. தரையைத் தோண்டிக் குழியாக்கி வீட்டைப் பாழ்படுத்திவிட்டார்கள், காலி செய்யச் சொல்லுங்கள் என்று கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார். வீடு போனால் தறி போச்சு. தறி போனால் இனி அடுத்தவர் தறியில் கூலிக்கு உட்காரவேண்டியதுதான்.

மனுவைப் படித்த மல்லிநாதனின் கண்கள் பளபளத்தன. தன்னுடைய வாக்கியமே புடவை கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறதே!

“ரொம்ப அருமையான கேஸும்மா இது.”

“வூடு நிக்குமா சார்?”

“அது அப்புறம். மொதல்ல ஆதாரம் கிடைக்கணும்.”

“ஆதாரத்துக்கு இன்னா சார் பஞ்சம்? குழி தோண்டுன அன்னிக்கு வூட்டுக்காரரே நின்னு பாத்துகினுதான் இருந்தாரு. ‘செவுத்துக்கு ஒரு மொழம் தள்ளித் தோண்டு’ன்னு அவருதான் சொன்னாரு. எதிர் வூட்டுக் காத்தாயி பக்கத்துலயே நின்னுகினு இருந்துச்சு. வந்து சொல்றேன்னுது சார். எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடம் அணைக்கிறேன்னுது.”

“காத்தாயி எந்த ஜர்னல்லம்மா எழுதியிருக்கா?”

ரங்கம்மாளுக்குப் புரியவில்லை. புரியாததால் மரியாதை கூடிற்று. பெரிய வக்கீல் போலிருக்கிறது என்று சுப்பனிடம் போய்ச் சொன்னாள்.

வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நூலகம். கடைசியில் வேலூரில் ஒரு பழைய புத்தகக் கட்டுக்குள்ளிருந்து, வக்கீல்கள் மாநாடு ஒன்றுக்காகப் போட்ட மலர் அகப்பட்டது. அதில் யாரோ ஒரு வேலூர் வக்கீல் எழுதிய கட்டுரை. அந்தக் கட்டுரையில், ஆஹா, கிட்டத்தட்ட அதே வாக்கியம்! வாக்கியத்தின் தோளில் குட்டியாக ஓர் எண்ணும் இருந்தது. எண் இருந்தால் ஆதாரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த எண் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாரா? பார்க்கவில்லை. இந்த இனத்தின் இன்னொரு லட்சணம் அது. அடிக்குறிப்பு போடுவார்கள், பிறர் போட்டிருக்கிறார்களா என்று உற்றுப் பார்ப்பார்கள், படிக்கமட்டும் மாட்டார்கள்.

விசாரணையன்று மல்லிநாதன் மலரைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார். கோர்ட் வாசலில், புளியமரத்தடியில், அன்றைய வேலையை விட்டுவிட்டுக் காத்தாயி வந்து உட்கார்ந்திருந்தாள். மல்லிநாதன் அவளைத் தாண்டிப் போய், எழுந்து நின்று, மலரின் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாவற்றையும் முறைப்படி சொல்லிவிட்டு வாக்கியத்தை ராகம் போட்டுப் படித்தார். எதிர்க்கட்சி வக்கீல் மலரைக் கேட்டு வாங்கினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அவர் மீசை துடித்தது.

“யுவர் ஆனர், இந்த வாக்கியத்தோட எண்ணுக்குக் கடைசிப் பக்கத்துல ஒரு குறிப்பு இருக்கு. படிக்கிறேன். ‘இத்தகவலை நேரில் தெரிவித்தவர் ஆரணி வக்கீல் திரு. மல்லிநாதன்.’”

கோர்ட்டே குலுங்கிற்று. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேசியது மல்லிநாதனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வெட்கப்பட்டாரா என்கிறீர்களா? ஒரு கணம்தான். தன் பெயர் அச்சில் ஆதாரமாக வந்திருக்கிறதே என்ற பூரிப்பு அடுத்த கணமே அதை விழுங்கிவிட்டது.

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். “சரி, சாட்சி யாராவது இருக்காங்களா?”

“சாட்சிங்கிறது வெறும் வாய்வார்த்தை யுவர் ஆனர். நான் அச்சிலே…”

“ஐயா, காத்தாயி வெளியதான் குந்திகினு கீதுங்க!” என்று ரங்கம்மாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

“உஸ்!” என்றான் டவாலி சேவகன். மல்லிநாதனும் திரும்பி அவளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். வாதம் அதோடு முடிந்தது.

தீர்ப்பு நாளன்று நீதிபதி நிதானமாகப் படித்தார். ‘நெசவாளருக்கு விட்ட வீட்டில் தறிக்குழி தோண்டுவது ஆரணியில் ஊரறிந்த வழக்கம் என்பதை இந்தக் கோர்ட் மறுக்கவில்லை’ என்ற இடம் வந்ததும் மல்லிநாதனின் முகம் மலர்ந்தது. பக்கத்து வக்கீலின் பேனாவைப் பிடுங்கி உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். ‘ஆனால் இந்த வீட்டைப் பொறுத்தவரை வீட்டுக்காரரின் சம்மதத்தை மெய்ப்பிக்க ஒரு சாட்சிகூட விசாரிக்கப்படவில்லை, ஆகவே எதிர்மனுதாரர்கள் குழியை மூடி வீட்டைக் காலி செய்யவேண்டும்’ என்று தீர்ப்பு மேலே போனது. அதையெல்லாம் அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

ரங்கம்மாள் தீர்ப்பின் இங்கிலீஷைக் கேட்கவில்லை. தன் வக்கீலின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் ஓடி வந்தாள்.

“ஜெயிச்சிட்டமா சார்?”

“ஜட்ஜே சொல்லிட்டாரும்மா! ஊரறிஞ்ச வழக்கம்னு!”

அவள் புளியமரத்தடியைப் பார்த்து, “காத்தாயி, ஜெயிச்சிட்டோம்டீ!” என்று கத்தினாள்.

“இரும்மா, இரு. வீடு காலி பண்ணணும். அது வேற விஷயம்.”

அப்பீல் போடலாம் என்றும் சொன்னார். போட்டால் ஆதாரம் தேட வருஷம் பிடிக்கும் என்று கூடவே சொன்னார். ரங்கம்மாள் அவரை ஒன்றும் திட்டவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அந்தக் கும்பிடுதான் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம்.

மல்லிநாதன் அன்றைக்கே தீர்ப்பு நகலுக்கு மனுப் போட்டார். நகல் வந்ததும் ராமதாஸிடம் ஓடினார். நாலாம் அத்தியாயம், அந்த வாக்கியம், அதன் தோளில் ஓர் எண், கோட்டுக்குக் கீழே தீர்ப்பு. ராமதாஸ் நகலைக் கடைசிவரை படித்துவிட்டு மிஷினிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

“சார், ‘மறுக்கவில்லை’யோட இது முடியலியே. ‘ஆனால்’னு மேல போவுதே.”

“அதனாலதான் மூணு புள்ளி வைக்கச் சொல்றேன். விட்டிருக்கோம்னு படிக்கிறவனுக்குத் தெரியணும் இல்ல? நேர்மை முக்கியம் ராமதாஸ்.”

ராமதாஸ் அவரை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு புள்ளிகளை ஒவ்வொன்றாக, தேவைக்கு மேலேயே ஓங்கி அடித்தார். கட்டுரை கெடுவுக்குள் சென்னை போய்ச் சேர்ந்தது. பேராசிரியர் அந்த இடத்தில் ‘நன்று’ என்று எழுதினார். பட்டமும் வந்தது, பெயர்ப்பலகையில் பி.எல்.லை அழித்துவிட்டு எம்.எல். என்று எழுதினார்கள்.

அதே வாரம் சுப்பனும் ரங்கம்மாளும் தறியைப் பிரித்துக் கட்டிவைத்துவிட்டு, மண் கொண்டுவந்து கொட்டிக் குழியை மூடினார்கள். மிதித்துச் சமன் செய்யும்போது ரங்கம்மாள் வாய்விட்டு அழுதாள். பிறகு சேவூரில் குழி தோண்ட இடமில்லாத ஓர் அறைக்குக் குடிபோனார்கள். அதன்பிறகு இரண்டு பேரும் கூலிக்குத்தான் நெய்தார்கள். இத்தனையும் அந்த மூன்று புள்ளிகளுக்குள் அடக்கம்.

போகட்டும், மல்லிநாதனை இவ்வளவு திட்டியாயிற்று. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்டுவைக்கிறேன். மேற்கோளில் ஒரு வாக்கியம் முடிகிற இடத்தில் விட்டால் மூன்று புள்ளி போதாது, முற்றுப்புள்ளியையும் சேர்த்து நான்கு வைக்கவேண்டும் என்று இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சுருக்கென்று தோன்றியதா? தோன்றியிருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி, முறைப்படி நான்குதான். அந்த நாலாவது புள்ளியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ரங்கம்மாள் எங்கே போனாள் என்று மட்டும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.