இல்லாத கார்டுக்கு ஒரு பதிவேடு

சான்றிதழ் அலுவலகத்தில் எட்டு கம்ப்யூட்டர்கள் உண்டு. உண்மையில் இருப்பது ஒன்றுதான். மற்ற அலுவலகங்களெல்லாம் ஒரே ஒரு பெரிய மெஷினை வாங்கி, அதற்குள் எட்டு இருப்பதாகப் பாவித்துக்கொண்டதால், கௌரவம் கருதி இங்கேயும் அவ்வாறே பாவித்துக்கொண்டார்கள். வேலை நடப்பதாகப் பாவித்துப் பழகியவர்களுக்கு இதில் சிரமம் ஒன்றும் தெரியவில்லை.

சிரமம் எனக்குத்தான். படிப்பை விட்டு நின்றாயிற்று. லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் சேர, அன்று மாலை ஐந்து மணிக்குள் வசிப்பிடச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். ஜன்னல் ஒன்று, எனக்கு முன்னால் ஒன்பது பேர், ஒரு சான்றிதழ் வெளியே வர நாற்பது நிமிடம்.

அந்த மெஷினைப் பார்த்துக்கொள்வது என் சித்தி. உள்ளே போய்க் கேட்டேன்.

"ஏன் சித்தி இப்படி ஊருது?"

"உள்ள இருக்கற எட்டுக்கும் தகவல் அனுப்பத் தனக்குன்னு நெட்வொர்க் கார்டு இருக்குன்னு நெனப்பு. கிடையாது. ஆனா தொட்டதுக்கெல்லாம் கார்டைக் கூப்பிடும். ஒவ்வொரு தடவையும் பெரிய மெஷின் கையில இருக்கற வேலையைப் போட்டுட்டு, 'நான்தான் கார்டு'ன்னு நடிக்கணும்."

"கார்டு இல்லன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொல்லலாம்டி. பாராவர்ச்சுவல் கருவின்னு இருக்கு. 'நீ உள்ளதான் இருக்கே, கார்டெல்லாம் இல்ல, இந்தப் பெட்டியில மொத்தமா போட்டுட்டு ஒரு குரல் கொடு, நான் எடுத்துக்கறேன்'னு சொல்றது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்துலயே அதுக்கு டிரைவர் புரோகிராம் இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. சார் கையெழுத்துப் போடணுமே."

சித்தி விஷயத்தைச் சொன்னதும் கண்காணிப்பாளர் கருவிப் பதிவேட்டைப் பிரித்தார். இல்லாத எட்டு கார்டுகளும் அதில் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண்ணோடு முறைப்படி வாழ்ந்துகொண்டிருந்தன. மாதம் ஒருமுறை அவற்றைத் தூசி தட்டியதற்கும் சான்று இருந்தது.

"புதுசை யார் தயாரிச்சாங்க?"

"யாரும் இல்ல சார்."

"அப்ப அது இல்லாத கருவி."

"இப்ப இருக்கறதும் இல்லாததுதான் சார்."

"இருக்கலாம்மா. ஆனா அது தன் வாயால சொல்லலையே. இதுதான் 'நான் இல்லை'ன்னு ஒத்துக்குது. ஒத்துக்கிட்டதை எப்படிப் பதியறது?"

நான் சும்மா இருக்கவில்லை. "தூசி தட்டறவர் எதைத் தட்டறார் சார்?"

"தூசி இருந்தா தட்டுவார். இதுவரை இருந்ததில்லைன்னு எழுதியிருக்கார். நேர்மையான ஆள்."

சித்தி பேனாவை எடுத்தாள். தயாரிப்பாளர்: இல்லை. மாடல்: இல்லை. வரிசை எண்: இல்லை. கண்காணிப்பாளர் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இப்படி விவரமா எழுதினா நான் ஏன் மறுக்கப்போறேன்? கட்டம் காலியா இருந்தாதான் தணிக்கையில கேப்பாங்க" என்று கையெழுத்திட்டார்.

சித்தி கருவியை மாற்றியதும் பத்தே நிமிடத்தில் வரிசை காலி. சான்றிதழ் கிடைத்தவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தார்கள். என்ன ஜனங்களோ என்று நினைத்துக்கொண்டு, என்னுடையதோடு ரெண்டு தெரு தள்ளியிருந்த கம்பெனிக்கு ஓடினேன்.

அரை மணி காக்கவைத்துவிட்டு மேலாளர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "விண்ணப்பம் மூணு பத்து. வழங்கினது மூணு பதினொண்ணு. இது போலி."

"சார், நானே நின்னு வாங்கினது."

"எனக்கு மூணு நாள் இழுத்தடிச்சாங்கம்மா. அது சான்றிதழ். அஞ்சுக்குள்ள நல்லதா ஒண்ணு கொண்டா."

திரும்பி ஓடினேன். இளவயசு என்பதால் நான்தான் முதல். பின்னாலேயே மற்ற ஒன்பது பேரும் அதே கோரிக்கையோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"சித்தி, பழைய கார்டுலயே போட்டுக் குடு."

"நீயுமா?"

"மெதுவாதான் வேணும். கொஞ்சம் சீக்கிரம்."

மாற்றுவதற்குக் கையெழுத்துகூடத் தேவைப்படவில்லை. பழையது பதிவேட்டில் பத்திரமாக இருந்ததே. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு விண்ணப்பித்தது, நாலே முக்காலுக்கு வந்தது. முதல் சான்றிதழில் என் வீட்டு எண் பதினேழுக்குப் பதில் எழுபத்தொன்று. இதிலும் எழுபத்தொன்றுதான்.

மேலாளர் நேரத்தைப் பார்த்தார், காகிதத்தைத் தடவினார். "ஆங், இது நல்லா விசாரிச்சுக் கொடுத்தது. பாத்தாலே தெரியுது. எழுபத்தொண்ணாம் நம்பர் வீடுதானே?"

"ஆமா சார்" என்றேன்.