கணக்கில் வராத பொங்கல்

உலக மருத்துவ வரலாற்றில் திருவண்ணாமலைக்கு உரிய இடத்தை இன்னும் யாரும் தரவில்லை. சர்க்கரை நோயைக் கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி அடக்கிய முதல் ஊர் இதுதான்.

1982இல் எங்கள் ‘சர்க்கரைக் கட்டுப்பாட்டுச் சங்கம்’ உதயமானது. தலைவர், அரசு அலுவலகத் தலைமை எழுத்தர் சக்கரவர்த்தி. பொருளாளர், ஜவுளிக்கடை ஆதிமூலம். செயலாளர், அடியேன். ஊரில் நோயை ஒப்புக்கொண்டவர்கள் நாங்கள் மூவர் மட்டுமே என்பதால் தேர்தலில் போட்டியில்லை.

டாக்டர் கஸ்தூரி இரண்டே வேலை சொல்லியிருந்தார். வாயில் போடுவதையெல்லாம் கணக்கு வைக்க வேண்டும். காலையில் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. செங்கல் நிறமானால் சர்க்கரை எக்கச்சக்கம்.

தலைவர் தன் கணக்கை ஒப்பித்தபோது எங்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, இரவு கோதுமைக் கஞ்சி. அப்படியும் தினம் அவருடைய குழாயில் செங்கல் நிறம்தான்.

தலைவர் வீட்டில் அவசரக் கூட்டம் கூடியது. டீ கொடுக்க வந்த அவர் மனைவி தனம் குறுக்கிட்டார்.

“தெனம் கோயில்ல தொன்னை தொன்னையா சர்க்கரைப் பொங்கல் துன்றீங்களே, அத்த ஏன் சொல்லல?”

“அது சாப்பாடு இல்ல தனம், பிரசாதம். சாமி குடுத்தது கணக்குல வராது” என்றார் தலைவர்.

ஆதிமூலம் உடனே வழிமொழிந்தார். “கணக்குல சேத்தா சாமி மேலயே கேஸ் போட்ட மாதிரி ஆயிடுங்க!”

“அப்போ கொழாயில செவப்பா வருதே?” என்று தனம் விடவில்லை.

“நம்ம ஊரு அக்னி ஸ்தலம். இங்க செவப்புதான் வரும். நீலம் வந்தாதான் பயப்படணும்” என்றார் தலைவர்.

மேல்நாட்டு நிபுணர்களுக்கெல்லாம் தோன்றாத இந்த உண்மை ஏகமனதாக நிறைவேறியது.

“அவரு கால்ல முள்ளு குத்துன புண்ணு ஜாஸ்தியாயினே போவுது. எனக்குப் பயமா இருக்குதுங்க” என்றார் தனம். நிகழ்ச்சி நிரலில் புண் இல்லாததால் அது ‘பதிவு செய்துகொள்ளப்பட்டது’.

தலைவர் புண்ணுக்கு விபூதி பூசிக்கொண்டு அந்தப் பௌர்ணமிக்கும் வெறுங்காலோடு மலையைச் சுற்றினார். வழியெங்கும் நீட்டிய பிரசாதத்தில் ஒன்றைக்கூட மறுக்கவில்லை. அந்தப் பணிவு யாருக்கு வரும்!

மறுவாரம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. செய்தி கேட்டு நானும் ஆதிமூலமும் தலைவர் பெயரில் அர்ச்சனை செய்து, ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு ஓடினோம். வாசலிலேயே மறித்தார் தனம். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“இன்னாங்க அது?”

“பிரசாதம்மா” என்றேன்.

“சாமி குடுத்தது கணக்குல வராதுன்னு தீர்மானம் போட்டீங்களே. நேத்து டாக்டர் வெட்டி எடுத்த ரெண்டு விரலும் சாமி குடுத்ததுதானுங்க. அதுவும் கணக்குல வராதா?”

செயலாளர் என்ற முறையில் இந்தக் கேள்வியை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தேன். பொங்கலை ஒத்திவைக்க முடியவில்லை, ஆறிவிடும். நானும் ஆதிமூலமும் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து தின்று தீர்த்தோம், கணக்கில் சேர்க்காமல்.